அழைத்துவிட்ட பேராசிரியரை வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி இது: "லாஸ்பேட்டையில் 120 வீடுகள் உள்ள எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறையில் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து மதியம் சாப்பிடுவது மூன்று வருட வழக்கம். இந்த முறை ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்துவிட்டோம். அவர் எப்போதோ எழுதிய கட்டுரையில், பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்களைப் பற்றி இளக்காரமாக ஒரு வரி இருக்கிறது என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. இன்னொரு தரப்பு அவரை விட்டுவிட்டு எம்.எல்.ஏ.வைக் கூப்பிடு என்கிறது. சோறு மட்டும் போதும், பேச்சே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம்தான். பேராசிரியரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?"

சொல்ல வேண்டாம், தம்பி. பதில் அவ்வளவுதான். ஆனால் இந்த ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு செயற்குழுவுக்குப் போனால் உங்களை உட்கார விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முத்தியால்பேட்டையில் எங்கள் நகர்ச் சங்கத்துக்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவள் நான். பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்த காலத்தில்கூட அவ்வளவு பஞ்சாயத்து பார்த்ததில்லை. சாக்கடை, தெருவிளக்கு, தெருநாய் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி கிடைத்துவிடும். யாரை மேடை ஏற்றுவது என்பதில் மட்டும் மூன்று முறை ராஜினாமாக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"அழைத்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அழைத்தது? செயற்குழு உட்கார்ந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதற்குப் பிறகு நீங்கள் போன் செய்தீர்களா? இல்லை, குழுவில் ஒருவர், அவரிடம் படித்தவராகவோ காலையில் அவரோடு நடக்கப் போகிறவராகவோ இருப்பார், "சார்கிட்ட பேசிட்டேன், வரேன்னுட்டாரு" என்று வந்து சொன்னாரா? நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அந்தப் "பேசிட்டேன்"தான் விதை. எதிர்க்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பேராசிரியர் யாரென்றே தெரிந்திருக்காது. எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்பதுதான் அவர்கள் கோபம். கட்டுரை கையில் கிடைத்ததும் கோபத்துக்கு ஒரு கைப்பிடி முளைத்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். கேட்காமல் அழைத்திருந்தால் அது உங்கள் குழுவின் தப்பு, அதற்குக் கூட்டத்தில் எழுந்து நின்று வருத்தம் தெரிவியுங்கள். நம் வீட்டுத் தப்புக்கு வெளியாளைத் தண்டிக்க முடியாது. அவரைப் பொறுத்தவரை அழைத்தது சங்கம். தீர்மானம் இருந்ததா, யார் போன் செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு?

இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு பொங்கல் விருந்துக்கு ஊரில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். எங்கள் நகரில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அவருக்கும் ஏதோ பழைய மனைத் தகராறு. அவர் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். அப்போதைய தலைவர் முந்தின நாள் ராத்திரி பெரியவருக்குப் போன் போட்டு, "நிகழ்ச்சியைத் தள்ளிவெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் கீரை வாங்க மார்க்கெட்டுக்கு வந்தார். வாழை இலைக் கட்டுகள் எங்கள் மண்டபத்து வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. வண்டிக்குப் பக்கத்தில் நான். அவர் என்னைப் பார்த்தார், இலைக் கட்டைப் பார்த்தார், கீரைக்காரம்மாவிடம் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்த ஆறு வருடமும் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அந்த இரண்டு வீட்டுக்காரர்களா? அவர்கள் அன்றைக்கும் விருந்துக்கு வரவில்லை.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். இதே பேராசிரியரைப் பொங்கலுக்கு அழைத்திருந்தால் இவ்வளவு சூடு ஏறியிருக்காது. நவம்பர் 1 என்பதால்தான் ஏறியிருக்கிறது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து லாஸ்பேட்டையில் வீடு கட்டியவர்களுக்கு அது இன்னொரு அரசு விடுமுறை. 1947லேயே சுதந்திரம் வந்தாச்சே, இது என்ன தனியா ஒண்ணு என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அந்தத் தேதிக்குள் நாலைந்து கதை இருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். மூன்று நாள் கழித்து, 21ஆம் தேதி, டில்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் இந்தியாவுக்கு வந்துவிட்டதா என்றால் இல்லை. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்து, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் இந்த ஊருக்கு ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 என்று மூன்று நாள். நெடுங்காலம் ஆகஸ்ட் 16-க்குத்தான் அரசு விழா, கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றம். நவம்பர் 1-ஐ விடுதலை நாளாக அரசு கொண்டாட ஆரம்பித்தது, பல வருடம் கேட்டுக் கேட்டுப் பிற்பாடு வந்தது.

பெயரிலும் சண்டை உண்டு. போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன குடும்பங்கள் "விடுதலை" என்பார்கள். கொஞ்சம் நிதானமானவர்கள் "இணைப்பு" என்பார்கள். தாளில் இருப்பது "ஒப்படைப்பு". கீழூரில் நடந்தது பிரதிநிதிகள் போட்ட வாக்கு, ஊர் ஜனம் வரிசையில் நின்று போட்டது இல்லை, வங்காளத்திலிருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் 1949-ல் ஜனங்களே நேரடியாக வாக்களித்தார்களே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதற்காக 170-ஐ யாரும் 8 ஆக்கிவிட முடியாது. பிரெஞ்சுக்காரர்களுக்கு நெருக்கமாக இருந்து, 1954-ல் இணைப்பின் பக்கம் வந்து, 1963-ல் முதல் முதலமைச்சரும் ஆன குபேரைப் பற்றி இந்த ஊர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர், பெரிய மார்க்கெட்டுக்கு அவர் பெயர். அவரைத் திட்டிக்கொண்டே குபேர் அங்காடியில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வருகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அந்த நாட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் இங்கே அப்படிச் சொல்வோம். சிப்பாய்க்கான பிரெஞ்சு வார்த்தை நம் நாக்கில் இப்படி உட்கார்ந்துகொண்டது. 1962-ல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையில் ஒரு ஷரத்து: இங்கே பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்களாகிவிடுவார்கள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. தகவல் தெரியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தே விட்டவர்களும் இருக்கிறார்கள். அறுபது வருடம் கழித்து ஒருவர் வீட்டுப் பேரன் பாரிஸில், இன்னொருவர் வீட்டுப் பேரன் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில். "பென்ஷனுக்காக நாட்டை மாத்திக்கிட்டவங்க" என்று ஒரு பக்கம், "பொறாமையில பேசறாங்க" என்று மறுபக்கம். இரண்டையும் சின்ன வயதிலிருந்து கேட்டுத்தான் வளர்ந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா இந்தோசீனாவுக்குப் போய் வந்த சொல்தா. ஜூலை 14-க்குப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். ஆகஸ்ட் 15-க்குத் தெருப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். இரண்டையும் ஒரே சட்டையில் செய்வார், இஸ்திரி போட்ட அந்த வெள்ளைச் சட்டை. என் அப்பா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்ததைப் பற்றி அவருடைய அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர், பிரெஞ்சு அரசாங்கம் என்றாலே முகம் சுளிப்பார். இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து தாயக்கட்டை ஆடுவார்கள். நவம்பர் 1 பற்றி அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "கொடி மாறுச்சு. மறுநாள் மில் சங்கு அதே நேரத்துக்குத்தான் ஊதுச்சு."

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கட்டுரையில் ஒரு வரி சிலரைச் சுட்டிருக்கிறது என்றால் அதைத் தொட்டால்சிணுங்கித்தனம் என்று நீங்கள் தள்ளிவிடக் கூடாது. சுடத்தான் செய்யும். ஆனால் சுட்ட வரி எது என்று முதலில் பாருங்கள். முழுக் கட்டுரையை உங்கள் குழுவில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? என் யூகம், ஒரு வரிக்கு மஞ்சள் அடித்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டுரையைத் தேடி எடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அதிகமாகக் கோபப்படுகிறவர் வீட்டில் கொடுத்து, "படிச்சுட்டு சொல்லுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பாதிச் சூடு அங்கேயே இறங்கும். இறங்காவிட்டாலும் பரவாயில்லை, அதற்குப் பிறகு நடக்கிற பேச்சு படித்தவர்கள் பேச்சாக இருக்கும்.

அந்த வரி, குடியுரிமைத் தேர்வைப் பற்றிய ஒரு அபிப்பிராயமாக இருந்தால், கசப்பாக இருந்தாலும் அது அவருடைய தொழில். வரலாற்றுக்காரர் எல்லாருக்கும் இனிக்கிற மாதிரி எழுத முடியாது. ஏச்சாக இருந்தால், அதாவது உங்கள் நகரில் இலை போட்டு உட்காரப் போகிற ஒரு குடும்பத்தையே கேவலப்படுத்துவதாக இருந்தால், அதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். போனில் கூடாது, கடிதத்திலும் கூடாது. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் சொல்தா குடும்பத்து மூத்தவராக இருக்கட்டும். "ஐயா, உங்களை அழைச்சிருக்கோம், நீங்க வரணும். ஆனா இந்த வரியால இவங்க வீட்ல மனசு கஷ்டப்படுறாங்க, அதை உங்ககிட்ட மறைக்க வேணாம்னு வந்தோம்" என்று சொல்லுங்கள். நானும் வாத்தியார் வேலை பார்த்தவள்தான். எழுதியதில் பிழை என்று நாலு பேர் கூடித் தீர்மானம் போட்டு அனுப்பினால் எங்களுக்கு ரோஷம் வந்து இன்னும் நாலு பக்கம் எழுதுவோம். வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே, "இது எங்களைக் குத்துது சார்" என்று ஒருவர் சொன்னால் அப்படிச் செய்ய வராது. அவர் விளக்கம் சொல்லலாம். வருத்தம் தெரிவிக்கலாம். "நான் வந்தா உங்களுக்குச் சங்கடம்னா இந்த வருஷம் வேணாம்" என்று அவரே விலகிக்கொள்ளவும் செய்யலாம். அவர் வாயிலிருந்து வந்தால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. வர வைக்கப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

போன இடத்திலேயே தலைப்பையும் பேசி முடித்துவிட்டு வாருங்கள். "விடுதலை நாள் பற்றி ஏதாவது பேசுங்க" என்று விட்டதுதான் பெரிய பிழை என்று நினைக்கிறேன். ஏதாவது பேசச் சொன்னால் எல்லாவற்றையும் பேசுவார்கள். கீழூரில் அந்த ஒரு நாள் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். 178 பேர் எப்படித் தேர்ந்து வந்தவர்கள், எந்தெந்த கொம்யூனிலிருந்து, அதாவது உள்ளாட்சிப் பகுதியிலிருந்து, வாக்கு எப்படி எடுத்தார்கள், வெளியே யார் நின்றார்கள். இதில் ஒரு மனிதருக்குப் பதினைந்து நிமிடத்துக்குத் தாராளமாகச் சரக்கு இருக்கிறது. உங்கள் நகரில் பாதிப் பேர் கீழூரைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். வில்லியனூர் தாண்டினால் வந்துவிடும்.

"ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தரைப் பேச வெச்சுடலாம்" என்று யாராவது நியாயஸ்தர் இந்நேரம் சொல்லியிருப்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். விருந்தில் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினால் பட்டிமன்றம் ஆகிவிடும், அதில் நடுவர் இருப்பார், இங்கே அதுவும் கிடையாது. ஜனம் கைதட்டுவதை வைத்து யார் ஜெயித்தார்கள் என்று சாயங்காலம் வரை தெருவில் கணக்குப் பார்ப்பார்கள்.

எம்.எல்.ஏ. விஷயம். அவரை அழைக்கச் சொல்கிறவர்களைக் குறைவாக நினைக்கவில்லை. அவர்களுக்குப் பின்பக்கத் தெருவில் வாய்க்கால் வேண்டும், அதற்கு அவர் முகம் பார்த்துப் பேச ஒரு சந்தர்ப்பம் வேண்டும். நியாயம்தான். அதற்கு மனு எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, ஒரு காலை நேரத்தில் அவர் அலுவலகத்துக்குப் போங்கள். இலையில் வாய்க்காலைப் பரிமாறாதீர்கள். நவம்பர் 1 அன்று அவருக்குக் கடற்கரையில் அரசுக் கொடியேற்றம் இருக்கும், அங்கிருந்து தொகுதியில் ஏழெட்டு இடம். உங்களிடம் 12 மணிக்கு வருகிறேன் என்று சொல்லி இரண்டே காலுக்கு வருவார். கூட இருபது பேர். இருபது பேருக்கும் இலை. சமையல் மாஸ்டரிடம் அதை யார் சொல்வது? ஒரு வருடம் எங்களுக்குக் கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோய், பந்தலுக்கு வேலை செய்த பையன்கள் மோர்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் யார் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பையன்கள் முகம் நினைவிருக்கிறது.

அதோடு, எம்.எல்.ஏ.வை மேடைக்கு அழைத்தால் "அரிசி என் செலவு" என்று கட்டாயம் சொல்வார். தேர்தல் இல்லாத காலத்தில் ஒருவர் நாலு மூட்டை அரிசி கொடுத்தால் அது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேர்தல் நெருங்குகிற வருடமென்றால் யோசியுங்கள். சாப்பாடு போட்டு வாக்காளரை வளைப்பதற்குச் சட்டத்தில் தனியாகவே இடம் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் இருக்கிறது, அபராதம் போடலாம். 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் வாக்காளருக்குக் கொடுக்கிற அன்பளிப்பு ஊழல் நடவடிக்கை, அதை வைத்துத் தேர்தலையே எதிர்த்து வழக்குப் போடலாம். எதிர்க்கட்சிக்காரர் உங்கள் நகரிலும் குடியிருக்கிறாரே, அவர் பந்தியைப் போனில் படம் எடுக்காமல் இருப்பாரா? உங்கள் எம்.எல்.ஏ. உங்கள் நகரிலேயே குடியிருக்கிறவர் என்றால் வீட்டுக்கு வீடு கொடுக்கிற அதே அழைப்புச் சீட்டை அவர் வீட்டிலும் கொடுங்கள். வந்தால் எல்லாரோடும் இலையில் உட்காரட்டும். மைக் வேண்டாம்.

பேச்சே வேண்டாம் என்கிறவர்கள் பக்கம் எனக்கு மனசு பாதி சாய்கிறது. வடகம் தாளித்த குழம்பு வாசனை பந்தலுக்கு வந்துவிட்ட பிறகு மனிதனுக்குக் காது கேட்பதில்லை. ஒரு வருடம் சிறப்புப் பேச்சாளர் ஐம்பது நிமிடம் பேசினார். அப்பளம் நமுத்துப்போய் வேட்டி மாதிரி மடிந்தது. ஆனால் பேச்சை அடியோடு எடுத்துவிட்டால் நவம்பர் 1 எதற்கு, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமே. அன்றைக்கு ஏன் கூடுகிறோம் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். நேரத்தைத்தான் கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 வீடு என்றால் நானூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். பந்தலில் ஒரே நேரத்தில் நூறு இலை போடலாம் என்றால் நாலு பந்தி. ஒரு பந்திக்கு, இலை எடுத்துத் துடைத்து அடுத்த இலை போடுகிறவரை, நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தி பன்னிரண்டேகாலுக்கு உட்கார்ந்தால் கடைசிப் பந்தி எழும்போது மூன்று மணி ஆகிவிடும். பேச்சு முதல் பந்திக்கு முன்னால் இருக்க வேண்டும், பந்திகளுக்கு நடுவில் கூடவே கூடாது. பதினொன்றேமுக்காலுக்கு ஆரம்பியுங்கள். வரவேற்புரை என்று ஒன்று வேண்டாம், நீங்களே இரண்டு வாக்கியத்தில் அவரை அறிமுகம் செய்யுங்கள். அவர் பதினைந்து நிமிடம். நன்றியுரை சொல்வதற்குத் துடிக்கிற ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார், அவரிடம் நன்றியைக் கடைசிப் பந்தியில் சமையல்காரர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார். பேச்சு முடிந்ததும் மைக்கை அணையுங்கள். பொன்னாடை வேண்டாம், அது யார் வீட்டு பீரோவிலோ போய்த் தூங்கும். வீட்டுக்குப் பாயசமும் வடையும் ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, அது ஐப்பசி மாதம். சாமியானா போட்டால் நடுவில் தண்ணீர் தொப்பையாகக் கட்டிக்கொண்டு நிற்கும், பிறகு சரியாகப் பேச்சாளர் தலையில் கொட்டும். பார்த்திருக்கிறேன். தகரப் பந்தல் போடுங்கள், கொஞ்சம் கூட ஆகும், பரவாயில்லை.

பேராசிரியரைச் சாப்பிட உட்கார வைப்பதில்தான் கவனம் வேண்டும். விருந்துக்கு வருகிறவர் முதலில் இலைக்கு வருகிறார், பிறகுதான் மைக்குக்கு. பேசிவிட்டுக் கார் ஏறிப் போய்விடுகிறவரை அடுத்த வருடத்திலிருந்து அழைக்கவே அழைக்காதீர்கள். எங்கள் சங்கத்தில் நாங்கள் கண்டுபிடித்த ஒரே நல்ல விதி அதுதான். யார் பெயர் வந்தாலும், இவர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவாரா, நாம் இவர் பக்கத்தில் உட்காருவோமா என்று கேட்போம். பாதிப் பெயர்கள் அங்கேயே விழுந்துவிடும், சாதிப் பெருமைக்காரர்கள் எல்லாரும் அதில் போய்விடுவார்கள். முதல் பந்தியில் அவரை முக்கியஸ்தர்களோடு தனி மேஜை போட்டு உட்கார வைக்காதீர்கள். வரிசையில் உட்காரட்டும். பக்கத்து இலையில் அந்தச் சொல்தா வீட்டு மூத்தவர் உட்கார விரும்பினால் உட்காரட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். போட்டோவுக்காக அதை ஏற்பாடு செய்யாதீர்கள், பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த வருடத்துக்கு வழி செய்து வைப்பதும் உங்கள் வேலைதான். உங்கள் சங்கம் பதிவு பெற்றது என்றால் 1860-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்திருப்பீர்கள். கடலூர்ப் பக்கம் என்றால் 1975-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம். எந்தச் சட்டமும் விருந்துக்கு யாரை அழைப்பது என்று சொல்லித் தராது, உங்கள் சங்க விதிமுறைகளில் செயற்குழுவுக்கு என்ன அதிகாரம் என்று மட்டும்தான் பார்க்க முடியும். அதனால் ஒரு தீர்மானமாக எழுதி வையுங்கள்: பெயர்கள் ஆகஸ்ட் கடைசிக்குள் எழுத்தில் வர வேண்டும், ஒரு தெருக்காரர் சொன்ன பெயரை வேறு தெருக்காரர் ஆதரிக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் செப்டம்பருக்குள், தீர்மானம் ஆன பிறகு செயலாளர் மட்டுமே போன் செய்வார். கடைசியாகச் சொன்னதை மட்டும் கடைப்பிடித்தால்கூட பாதித் தலைவலி போய்விடும்.

ஆனால் பெயரைப் பொதுக்குழுவில் வைத்துக் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். கீழூரில் வாக்கெடுத்தது ஊர் எங்கே சேருவது என்பதற்கு. ஒரு மனிதரை நாற்பதுக்கு முப்பத்தெட்டு என்று ஜெயிக்க வைத்து அழைத்து வந்தால், அந்த முப்பத்தெட்டுப் பேரும் அவர் பேசும்போது மணி பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழுவுக்குள் பேசி முடியுங்கள், முடியாத பெயரை விட்டுவிடுங்கள்.

பெண்கள் பெயரும் வரட்டும். எங்கள் ஒன்பது வருடப் பட்டியலில் எட்டு வருடம் ஆண்கள் பேசினார்கள். ஒன்பதாவது வருடம் நான் பேசினேன், அழைத்திருந்தவர் மழையில் மாட்டிக்கொண்டு வரவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் யாருக்கும் பதில் எழுத வேண்டாம். பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பேசினோம், இன்னார் வருகிறார், இன்ன தலைப்பு, பதினொன்றேமுக்கால் மணி என்று ஒரே ஒரு செய்தி போட்டுவிட்டு, இரண்டு நாளைக்கு அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றி வையுங்கள். திட்ட நினைக்கிறவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள்.

நாளைக்கே போங்கள். நாலரை மணிக்கு மேல் போவது நல்லது, மத்தியானம் படுத்து எழுகிற வயசு. அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் அந்தக் காகிதத்தையும் கையில் எடுத்துப் போய் அவர் பெயரையும் பட்டத்தையும் அவரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பென்சில் ஒன்று மறக்காமல்.